எடைக்கு இடம் கொடுக்காதீர்கள்

2024 ஆகஸ்ட் 7, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டி நாளன்று காலையில் எடை பார்த்தபோது வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்தார். முதல் நாள்தான், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் யாரிடமும் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியைச் சாய்த்திருந்தார். அந்த 100 கிராமுக்காகத் தகுதி நீக்கம். நாடே அன்று கொதித்தது, நானும் கொதித்தேன். ஆனால் எடைப் பிரிவு என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை நான் ஒருநாளும் மறப்பதில்லை. சின்ன உடம்பைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது.

போட்டியில் 100 கிராம் கணக்கு. பயிற்சிப் பாயில் அந்தக் கணக்கே கிடையாது. முள்ளுக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், மாலை நேரத்தில் ஜியு-ஜிட்சு பழகுகிறோம். நான் 54 கிலோ. நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் என் பெரியப்பா மகன் 95 கிலோவுக்குக் குறைய மாட்டார். ஊர்க் கபடி அணிப் பையன்கள் சிலர் வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் 55 கிலோ பிரிவில் ஆடுகிறவர்கள். பெங்களூர் மாதிரி ஊராக இருந்தால் உங்கள் எடைக்குத் தகுந்த ஆளைத் தேடிப் பிடிக்கலாம். கொல்லிமலை அடிவாரத்தில் யார் வருகிறாரோ அவரோடுதான் உருள வேண்டும்.

அதனால் இந்தப் பதிவு சின்ன உடம்புக்காரர்களுக்கு. கபடி ஆடும் தங்கை ஒருத்தி கேட்ட கேள்வியிலிருந்து வந்தது: "அண்ணா, டெக்னிக் இருந்தா போதும்னு வீடியோல எல்லாம் சொல்றாங்க. ஆனா பெரியவங்க மேல படுத்துட்டா ஒண்ணுமே வேலை செய்ய மாட்டேங்குதே?"

அவள் கேட்டது சரியான கேள்வி. மேலே படுத்த பிறகு வேலை செய்யாதுதான். படுக்க இடம் கிடைத்த பிறகுதான் 95 கிலோவும் நம்மேல் 95 கிலோவாகிறது. அந்த இடத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் சின்ன ஆளின் முழு வேலை. மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இந்தக் கலை தொடங்கியதே இப்படி ஒரு மாட்டலில்தான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஐந்தடி இரண்டங்குலம்கூடத் தாண்டாத மனிதர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியவர். 1877இல் பழைய ஜுஜுட்சு ஆசான் ஒருவரிடம் சேர்ந்தார். அங்கே ஃபுகுஷிமா என்ற கனத்த உடம்புக்காரர் கூடப் படித்தார். கானோ என்ன செய்தும் அவரை வீழ்த்த முடியவில்லை. சுமோ நுணுக்கங்களைக் கேட்டுப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிப் படித்து, எதிராளியைத் தோள்களின் குறுக்கே ஏற்றிப் புரட்டும் ஒரு வீச்சை உருவாக்கி ஃபுகுஷிமாவைச் சாய்த்தார். கதா-குருமா என்று ஜூடோவில் இன்றும் அது இருக்கிறது. அதில் கானோ என்ன செய்தார் என்று கவனியுங்கள். அந்த எடை தானாக வந்து தன்மேல் சாயும்வரை காத்திருக்கவில்லை. தான் தேர்ந்தெடுத்த நொடியில், தன் இடுப்பும் காலும் நேராகத் தாங்கும் இடத்தில், தானே உள்ளே நுழைந்து ஏற்றிக்கொண்டார்.

கானோவின் கோடோகன் பள்ளியில் பயின்ற மித்சுயோ மாயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். அந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் தரையில் படுத்துப் போராடும் இந்தக் கலை இன்றைய வடிவத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும், தரைக்கு வருவோம்.

சைட் கன்ட்ரோலில் அடியில் மாட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் நெஞ்சு உங்கள் நெஞ்சின்மேல் குறுக்காக இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மார்பில் வைத்து மேலே தள்ளுகிறார்கள். இது இரண்டு விதத்தில் கெடுதல். கை அரை நிமிடத்தில் களைத்துவிடும். நீட்டிய கை, முழங்கையை எதிர்த்திசையில் வளைக்கும் ஆர்ம்பாருக்கோ, முழங்கையை மடக்கி முறுக்கும் அமெரிக்கானாவுக்கோ தயாராகக் கிடைக்கும். இன்னொரு கூட்டம் பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. அது அவரை இன்னும் இறுக்கமாக நம்மேல் இழுத்து வைப்பதுதான்.

தசையால் தள்ளாதீர்கள். எலும்பால் முட்டுக் கொடுங்கள். ஒரு முன்கை அவர் கழுத்தடியில், காறை எலும்பை ஒட்டி. இன்னொரு முன்கை அவர் இடுப்பெலும்பில். இரண்டு முழங்கைகளும் உங்கள் விலாவை விட்டு விலகக் கூடாது. இதைத்தான் ஃப்ரேம் என்கிறோம். இந்த முட்டு அவரைத் தூக்குவதற்கு இல்லை, அவர் இருக்கும் இடத்திலேயே அவரை நிறுத்தி வைக்க. நகரப்போவது நீங்கள். பாலம் போல இடுப்பை எழுப்பினால் ஒரு விரற்கடை இடைவெளி வரும். அது மூடுவதற்குள் இடுப்பைப் பின்னால் இழுத்து ஒருக்களிக்க வேண்டும். முழங்கால் உள்ளே நுழைந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஒருக்களிக்க வேண்டும் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். மல்லாந்து கிடக்கும் நெஞ்சுதான் பெரியவர்களுக்குப் பிடித்த இடம். இரண்டு தோளும் தரையில் பட்டுவிட்டால் அவருடைய எடை முழுக்க உங்கள் விலாக்கூட்டின்மேல் பரவும். ஒருக்களித்துக் கிடந்தால் அவருக்குக் கிடைப்பது உங்கள் தோள் விளிம்பும் இடுப்பு விளிம்பும்தான். அதில் நிலையாகப் படுக்க முடியாது. உங்களுக்கு மூச்சு விடவும் இடம் இருக்கும். மூச்சு முட்டும்போதுதான் பதற்றம் வருகிறது. பதற்றத்தில்தான் கை நீள்கிறது.

இதைவிட முக்கியம் நேரம். பெரியவர் உட்கார்ந்து நிலைகொண்ட பிறகு நீங்கள் செய்யும் எந்த நகர்வும் பத்து மடங்கு செலவு வைக்கும். அவர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, முழங்காலைத் தூக்கும்போது, கையை மாற்றும்போது, அவருடைய எடை ஒரு கணம் அவர் மேலேயே இருக்கிறது. அந்தக் கணம்தான் உங்களுக்கு. கொட்டகையில் நான் அடிக்கடி கத்துவது இதுதான்: "அவர் வந்து சேர்றதுக்கு முன்னாடியே கிளம்பு!" கபடிப் பையன்களுக்கு இது சட்டென்று புரிகிறது. பிடி இறுகும் முன் உடம்பை உருவிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்தே செய்கிறார்களே.

அடுத்தது கார்ட், அடியிலிருந்து கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலை. க்ளோஸ்டு கார்ட், அதாவது இரண்டு காலாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டுவது, பல இடங்களில் முதலில் சொல்லித் தருகிற நிலை. மிகப் பெரிய ஆளிடம் நான் அதை நம்புவதில்லை. குட்டைக் கால் அகல இடுப்பைச் சுற்றி வருவதே பாடு. பூட்டினாலும் அவர் அப்படியே எழுந்து உங்களை மடித்து, முழு எடையையும் உங்கள் கழுத்து வழியாகத் தரைக்கு இறக்குவார். கழுத்தில் வாங்கும் அந்த எடை ஆபத்தானது. மடிக்கத் தொடங்கியதுமே பூட்டைத் திறந்துவிடுங்கள்.

திறந்த கார்டில் பாதங்கள் அவர் இடுப்பில், முழங்கால் குறுக்கே கேடயம் போல. கையைவிடக் கால் நீளம், பலமும் அதிகம். ஆடை அணிந்து பழகுபவர்களுக்குச் சட்டைக் கைப்பிடி ஒரு வரம். பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த முடியாது, ஆனால் சட்டைக் கையின் நுனியைச் சுருட்டிப் பிடித்தால் அவர் அந்தக் கையைத் தரையில் ஊன்ற முடியாது. ஊன்ற முடியாத பக்கம்தான் அவர் சாயும் பக்கம். புரட்டும்போது தூக்க நினைக்காதீர்கள். எந்தக் கை, எந்தக் கால் முட்டுக் கொடுக்கிறது என்று பார்த்து அதைப் பறியுங்கள். மீதியை அவருடைய எடையே பார்த்துக்கொள்ளும்.

ஹாஃப் கார்டில், அதாவது அவருடைய ஒரு காலை மட்டும் உங்கள் கால்களுக்கிடையே பூட்டியிருக்கும் நிலையில், ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவர் முன்கை உங்கள் கன்னத்தைத் திருப்ப வரும். அந்தக் கையை முதலில் தடுங்கள். முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் முதுகெலும்பும் போகும், அடுத்த நொடி மல்லாந்துவிடுவீர்கள்.

நின்றுகொண்டு தொடங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 40 கிலோ வித்தியாசத்தில் நின்றபடி கட்டிப் புரளுவதை எங்கள் கொட்டகையில் நான் அனுமதிப்பதில்லை. முழங்கால் மீது ஆள் விழுந்தால் ஆறு மாதம் போய்விடும். உட்கார்ந்தோ முழந்தாளிட்டோ தொடங்குகிறோம்.

இப்போது மேலே வருவதைப் பேசுவோம். மேலே வந்துவிட்டால் சின்ன ஆளுக்கு உடனே மவுண்டில், அதாவது அவர் உடம்பின் இருபுறமும் கால் போட்டு, உட்காரத்தான் ஆசை. வலிமையான ஆள் ஒருமுறை இடுப்பை எழுப்பினால் நீங்கள் பாய்க்கு வெளியே இருப்பீர்கள். அதைவிட வயிற்றின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி நிற்பது எனக்குப் பிடிக்கும். உங்கள் எடையில் பெரும்பகுதி ஒரே முழங்கால் முனையில் இறங்கும். அவர் எந்தப் பக்கம் திமிறினாலும் மற்றக் காலால் நகர்ந்துகொள்ளலாம்.

புறநானூற்றின் 80ஆம் பாட்டைப் படித்தபோது இந்த நிலை கண்முன்னே வந்து நின்றது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது, மற்றக் கால் அவன் சூழ்ச்சியைப் பின்னிருந்து தடுக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கவிஞர் கால்களின் வேலையைத் தனித்தனியாகப் பார்த்து எழுதியிருக்கிறார். மற்போரை அருகில் நின்று பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். 82ஆம் பாட்டு இன்னும் அருமை. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் அவசரமாகக் கட்டில் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசியைவிட விரைவாக நடந்தது அந்தப் போர் என்கிறார். எங்கள் பையன்களுக்கு இதைப் பொருள் சொல்லிக் காட்டினேன். அந்த ஊசியின் வேகத்துக்குப் பலம் காரணமில்லை. அடுத்த துளை எங்கே என்று கைக்கு முன்பே தெரிந்திருப்பதுதான் காரணம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேகமும் அப்படித்தான் வரும்.

ஆனால் சின்ன ஆளுக்கு உண்மையான வீடு எது என்று கேட்டால், எதிராளியின் முதுகு என்பேன். மஞ்சுவிரட்டுக் களத்தைப் பாருங்கள். காளையின் கொம்புக்கு முன்னால் நின்று யாரும் பலம் காட்டுவதில்லை. பக்கவாட்டில் பாய்ந்து, நெஞ்சோடு திமிலை அணைத்து, அது துள்ளும் திசையிலேயே கூடப் போகிறார்கள். பெரிய ஆளின் முதுகும் அப்படியே. ஒரு கை அவர் தோளுக்கு மேலே, ஒரு கை அக்குளுக்குக் கீழே, மார்புக்குக் குறுக்கே இரண்டும் கோத்து, உங்கள் நெஞ்சு அவர் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். அங்கே அவருடைய கைகள் உங்களை எட்டாது. அவர் எடைக்கு உங்கள்மேல் உட்கார இடமும் இல்லை. ஒரே ஆபத்து, அவர் அப்படியே பின்னால் சாய்ந்து உங்களை அடியில் வைத்து நசுக்குவது. அதனால் நேர் பின்னால் இருக்காதீர்கள். அவர் சாயும்போது கூடவே ஒரு பக்கமாகச் சரிந்து, இருவரும் ஒருக்களித்த நிலையில் தரைக்கு வாருங்கள்.

இதை உலகத்துக்கு அழகாகக் காட்டியவர் மார்செலோ கார்சியா. அபுதாபி காம்பாட் கிளப் நடத்தும் ஏடிசிசி போட்டியில் 77 கிலோ பிரிவை 2003, 2005, 2007, 2011 ஆண்டுகளில் வென்றவர். எடை வரம்பே இல்லாத பிரிவிலும் இறங்குவார். 2005இல் அப்படி இறங்கி, யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ரிக்கோ ரோட்ரிகஸைத் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட வைத்தார். அவர் ஆட்டங்களைப் பார்த்தால் ஒரு பிடிவாதம் தெரியும். எதிராளியின் கையை ஒரு பக்கம் இழுத்துத் தள்ளிவிட்டு முதுகுக்குப் போவார். பெரியவர் என்றால் அடியில் நுழைந்து கால்களுக்கிடையே தன் கால்களைக் குறுக்காகக் கோத்து எக்ஸ் கார்ட் போட்டு நிலைகுலைப்பார். முடிப்பது பெரும்பாலும் கழுத்தில்தான். பலத்தால் மட்டும் பிடுங்க வேண்டிய கைப்பூட்டுகளில் அவர் நேரம் செலவழிப்பதில்லை.

கழுத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டை தூக்கிப் பழகிய கையை மடக்க அதைவிடப் பெரிய பலம் வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தக் குழாய்களை அழுத்தச் சரியான கோணம் வேண்டும், பலம் அவ்வளவு வேண்டாம். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கழுத்துப் பிடி பழகக் கூடாது. எதிராளி தட்டிய நொடியே விட வேண்டும். பெரியவர் தாங்குவார் என்று ஒரு கணம்கூடக் கூடுதலாக வைத்திருக்கக் கூடாது.

இனி அந்தத் தங்கைக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டெக்னிக் இருந்தால் எடை ஒன்றுமே இல்லை என்பது முழு உண்மை இல்லை. 1993 நவம்பர் 12இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியை 80 கிலோ அளவே இருந்த ராய்ஸ் கிரேசி வென்றதை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் கூடுதலான டான் செவர்னின் அடியில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் கால்களால் கழுத்தை இறுக்கும் ட்ரையாங்கிள் போட்டு முடித்தார். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் பாடம். ஆனால் அவர் எதிராளிகளுக்கு அன்று இந்தக் கலை தெரியாது. தெரிந்த பெரியவர் வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் தந்தை ஹீலியோ 1951இலேயே அனுபவித்தார். மரக்கானா மைதானத்தில் மசாஹிகோ கிமுரா என்ற கனத்த ஜூடோ மேதை ஹீலியோவின் கையை முறுக்கி உடைத்தார். ஹீலியோ தட்டவில்லை, அண்ணன்தான் துண்டை வீசி நிறுத்தினார். அந்தப் பிடிக்கு இன்று கிமுரா என்றே பெயர். ஜப்பானும் ஒரு காலத்தில் ஜூடோவுக்கு எடைப் பிரிவு தேவையில்லை என்றுதான் நம்பியது. 1961 உலகப் போட்டியில் ஆறரை அடி உயர டச்சுக்காரர் அன்டன் கீசிங்க் ஜப்பானியர்களை வென்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல்முறையாக வந்தபோது எடைப் பிரிவுகளும் கூடவே வந்தன. திறந்த பிரிவுத் தங்கத்தை அங்கேயும் கீசிங்கே எடுத்துக்கொண்டார்.

ஆகவே உன்னைவிட 40 கிலோ பெரிய, உன்னளவுக்கே தெரிந்த ஆளிடம் மாட்டிக்கொண்டால், தங்கையே, அது உன் குறை இல்லை. அன்றைய இலக்கை மாற்றிக்கொள். ஐந்து நிமிடமும் மல்லாந்துவிடாமல் இருந்தேனா? இரண்டு முறை முழங்காலை உள்ளே நுழைத்தேனா? அதுவே அன்றைய வெற்றி. சீக்கிரம் தட்டு. விலா எலும்பு குருத்தெலும்போடு சேருமிடத்தில் அடிபட்டால் இருமினால்கூடப் பல வாரம் வலிக்கும். அழுத்தம் தாங்க முடியாமல் தட்டுவதில் எந்த இழுக்கும் இல்லை. ஒரு ஆளோடு உருள வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லவும் உனக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். என் பெரியப்பா மகன் முதலில் வந்தபோது வருத்தமாகவே கேட்டார்: "தம்பி, நான் சும்மா படுத்தாலே உங்களுக்கெல்லாம் மூச்சு நிக்குது. அப்புறம் எனக்கு இங்க என்னடா வேலை?" நான் சொன்னது, "உங்களுக்குத்தாண்ணா இங்க நிறைய வேலை. மொத்த எடையையும் இறக்காம, முழங்கால்லயும் கால்விரல்லயும் தாங்கிக்கிட்டு எங்களைப் பிடிங்க. எங்க பிடி நழுவுதோ அங்கதான் உங்களுக்குத் தெரியாதது இருக்கு." உண்மையும் அதுதான். எடையை இறக்கியே ஜெயித்துப் பழகும் பெரியவர், தன்னைப் போல இன்னொரு பெரியவர் வந்த அன்று கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார். சின்னவர்களை எடையில்லாமல் பிடிக்கப் பழகியவருக்கு அந்தப் பயம் இல்லை.

இப்போது அவர் ஒவ்வொரு சுற்றையும் முதுகைக் கொடுத்தே தொடங்குகிறார். கபடித் தங்கை பின்னால் தொற்றிக்கொள்வாள், அவர் கழற்றப் பார்ப்பார். எழுந்து நின்று உதறுவதும் பொத்தென்று மல்லாந்து விழுவதும் கூடாது என்று அவரே விதி போட்டுக்கொண்டார். பாதி நேரம் அவருக்குக் கழற்ற முடிவதில்லை. மஞ்சள் வரத்து முடிந்தால் தினமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாமகிரிப்பேட்டை, மெட்டாலா, தம்மம்பட்டிப் பக்கம் 80 கிலோவுக்கு மேல் இருக்கிற, பொறுமையான ஆட்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் வாருங்கள். சின்னவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்மேல் மட்டுமே பழகினால் எங்களுக்கு அவர் ஒருவரைத்தான் தெரியும். நகத்தை வெட்டிவிட்டு, மோதிரம், கயிறு, அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டு வந்தால் போதும். பாய் இருக்கிறது.